நீரிழிவில் நல்ல எண் எது?



மாதத்தில் ஒருநாள், விடிந்தும் விடியாத வேளையில், நம் ஊர்களிலிருந்து வைத்தியசாலையை நோக்கிச் செல்லும் பேருந்துகளில் ஒரு கூட்டம் ஏறுவதைக் கண்டிருப்பீர்கள். கையிலே கிளினிக் கொப்பி. பையிலே இடியப்பப் பொட்டலம். வயிறு மட்டும் வெறுமை. இரத்தம் கொடுத்த பின்னரே அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். அவர்களுடைய பேச்சைச் சற்றுச் செவிமடுத்தால் அது பெரும்பாலும் ஓர் எண்ணைப் பற்றியதாகவே இருக்கும். "போனமுறை 168 வந்தது, டொக்டர் ஏசிப்போட்டார்." "எனக்கு 109, ஒன்றும் சொல்லவில்லை." பரீட்சைப் பெறுபேறு பேசும் பிள்ளைகளைப் போலத்தான். பரீட்சையிலே புள்ளி கூடக்கூட மகிழ்ச்சி. இங்கே குறையக்குறைய மகிழ்ச்சி.

குறையக்குறைய நல்லது என்ற இந்த எண்ணத்தைப் பற்றித்தான் இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன். நான் தொழிலால் வைத்தியன். ஆயினும், இளம் வயதிலே நானும் அப்படியே எண்ணியிருந்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அதற்குரிய விலையை என் பெரியப்பா கொடுக்க நேர்ந்தது.

பெரியப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எழுபத்தோராவது வயதில் அவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அவர் தாயார் காலத்தில் இதைச் சலரோகம் என்பார்கள். முதலில் மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. உணவை ஒழுங்குபடுத்தி, நாள்தோறும் நடந்து, மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் கிளினிக் வைத்தியர். பெரியப்பா ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்றை வாங்கி, கோடு கீறி, திகதியிட்டு எழுதத் தொடங்கினார். மாதந்தோறும் நான் வீட்டுக்குப் போகும்போது அந்தக் கொப்பியை என் முன்னே விரிப்பார். "தம்பி, 96! பார்த்தியோ?" நானும் தட்டிக்கொடுத்தேன். அந்த 96 எப்படி வந்தது என்று ஒருமுறையேனும் கேட்டேனல்லேன்.

அது எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கின்றேன். முதலில் இந்த எண் எதைக் குறிக்கின்றது என்று பார்ப்போம்.

இரத்தத்திலே உள்ள சீனி என்று நாம் சொல்வது தேநீரிற் கலக்கும் சீனியன்று. குளுக்கோசு என்னும் எளிய வெல்லம். 96 என்றால், ஒரு தெசிலீற்றர், அதாவது 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 96 மில்லிக்கிராம் குளுக்கோசு. வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தம் உண்டு. கணக்கிட்டுப் பாருங்கள்: முழு இரத்தத்திலும் உள்ள குளுக்கோசு ஒரு தேக்கரண்டியளவுதான். நாம் பகலில் உண்ணும் ஒரு கோப்பைச் சோறோ அதைப் போலப் பத்துப் பதினைந்து மடங்கு குளுக்கோசைக் குடலிலிருந்து இரத்தத்துக்குள் அனுப்பவல்லது. சுகதேகியின் உடம்பிலே சதையி உடனுக்குடன் இன்சுலினைச் சுரந்து, அத்தனையையும் தசைக்கும் ஈரலுக்கும் கொழுப்புக்கும் பங்கிட்டுவிடும். இரத்தத்தின் அளவு சிறிது ஏறி இறங்கும்; அவ்வளவே. நீரிழிவுள்ளவரிடம் இந்தப் பங்கீடு பிந்துகின்றது, அல்லது போதாமற் போகின்றது.

ஆகவே சீனியின் அளவு ஓடும் நீரைப் போன்றது. நேரத்துக்கு நேரம் மாறும். வேளையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அதற்குப் பொருளில்லை. 150 என்றால் நல்லதா, கெட்டதா? காலை வெறுவயிற்றில் 150 என்றால் கவனிக்க வேண்டியது. சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தின் பின் 150 என்றால் நீரிழிவுள்ளவருக்கு மிக நல்லது.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடவேண்டும். இலங்கையில் நாம் மில்லிக்கிராமில் எண்ணுகிறோம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் உள்ள நம் உறவினர் மில்லிமோல் என்னும் வேறோர் அலகில் எண்ணுகின்றனர். "எனக்கு ஏழு, அக்கா" என்று கனடாவிலிருந்து தம்பி தொலைபேசியிற் சொல்ல, "ஐயோ, எனக்கு 126" என்று அக்கா இங்கே கலங்குவதைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே அளவுதான். அவர்களுடைய எண்ணைப் பதினெட்டாற் பெருக்கினால் நம்முடைய எண் வரும்.

அந்த 126 சாதாரண எண்ணன்று. வெறுவயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்று மீண்டும் பரிசோதித்து உறுதியானால் நீரிழிவு என்பது உலகமெங்கும் ஒப்புக்கொண்ட வரம்பு. ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் வரம்பு வேறு. நோயுடன் வாழ்பவர் நாடவேண்டிய இலக்கு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு அல்லற்படுவோர் பலர். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வளர்ந்தவர்களிற் பெரும்பாலானோருக்குக் கூறும் இலக்கு, உணவுக்கு முன் 80 முதல் 130 வரை. உணவு தொடங்கி ஓரிரு மணித்தியாலத்தில் 180-க்குக் கீழ். இரண்டு மணித்தியாலம் என்பது முதற் கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து எண்ணப்படுவது. கை கழுவிய நேரத்திலிருந்தன்று. கருவுற்ற தாய்மாருக்கு மட்டும் இலக்கு மிக இறுக்கமானது: வெறுவயிற்றில் 95-க்குக் கீழ், உண்டு இரண்டு மணித்தியாலத்தில் 120-க்குக் கீழ். வயிற்றிலுள்ள குழந்தையின் நலம் அதிலே தங்கியிருப்பதால் அங்கே தளர்வுக்கு இடமில்லை.

உணவினால் மட்டும் நோயைக் கட்டுப்படுத்த முயல்வோரை அதிகம் மயக்குவது காலை எண். "இரவு ஏழு மணிக்கே சாப்பிட்டேன், அதுவும் ஒரு துண்டுப் பாண்தான். காலையில் 142 எங்கிருந்து வந்தது?" என்பார்கள். ஈரலிலிருந்து வந்தது. நாம் உறங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோசு வேண்டும். ஆதலின் ஈரல் தன் சேமிப்பை இரவு முழுவதும் சிறிது சிறிதாக இரத்தத்துக்கு விட்டுக்கொண்டிருக்கும். விடியற்காலையில் உடம்பை எழுப்பும் சில ஓமோன்கள் சுரக்கும்போது அது இன்னும் சற்றுக் கூடும். போதிய இன்சுலின் இருந்தால் ஈரல் கட்டுக்குள் நிற்கும். இல்லையேல் அளவின்றிக் கொட்டும். எனவே காலை எண் நேற்றிரவுச் சாப்பாட்டுக்குக் கிடைத்த தண்டனையன்று. இரவுணவை முற்றாக விட்டுவிட்டால் அது தானாக இறங்கிவிடும் என்பதும் இல்லை. உடல் எடை குறைவதும், கிழமை தவறாத நடையும், வைத்தியர் கொடுக்கும் மருந்துமே அதைக் காலப்போக்கில் இறக்கும்.

உணவின் குணத்தை அறிய வேண்டுமானால் சாப்பாட்டுக்கு முன் ஓர் எண்ணும், இரண்டு மணித்தியாலத்தின் பின் ஓர் எண்ணும் சோடியாக வேண்டும். வீட்டிலே விரலிற் குத்திப் பார்க்கும் குளுக்கோமீற்றர் இதற்குப் போதும். அதற்குரிய பட்டிகள் விலை கூடியவை. எல்லாராலும் நாள்தோறும் வாங்க இயலாது. கிழமைக்கு ஒரு சாப்பாட்டைத் தெரிந்தெடுத்துச் சோடியாகப் பார்த்தாலே ஓராண்டில் ஐம்பது சாப்பாட்டின் கதை தெரிந்துவிடும். ஒன்று மறவாதீர்கள்: கையைக் கழுவித் துடைத்த பிறகே குத்தவேண்டும். மாம்பழம் வெட்டிய விரலிற் குத்தினால் மாம்பழத்தின் சீனியைத்தான் கருவி சொல்லும். இன்னும் ஒன்று. இக்கருவிகளுக்குரிய சர்வதேசத் தரமே, நூற்றுக்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்டுவதை அனுமதிக்கின்றது. நேற்று 134, இன்று 141 என்று மனமுடைந்து போவதற்கு ஒன்றுமில்லை. கருவியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

பெரியப்பாவின் கொப்பியின் பிற்பகுதியிலே, அதாவது அவர் உண்மையை எழுதத் தொடங்கிய பிறகு, இந்தச் சோடி எண்கள் உண்டு. ஒருநாள் இரண்டு குழற் பிட்டும் இதரை வாழைப்பழமும்: முன் 118, பின் 236. இன்னொருநாள் ஒரு குழற் பிட்டு, மீன் குழம்பு, கத்தரிக்காய்க் கறி, முருங்கையிலை வறை: முன் 121, பின் 167. அதே அளவோடு, சாப்பிட்டுக் கால் மணித்தியாலம் கோயில் வீதியைச் சுற்றிய நாளில் பின் 149. பிட்டைக் கைவிடவேண்டும் என்று நெடுநாள் அஞ்சியிருந்தவர், குழலின் எண்ணிக்கையைக் குறைத்துத் துணைக் கறியைக் கூட்டினாற் போதும் என்பதைத் தாமே கண்டுகொண்டார். கீரையையும் மீனையும் முதலிலே சிறிது உண்டு, பின்னர் மாப்பொருளைத் தொட்டால் ஏற்றம் குறையும் என்பதும் ஆராய்ச்சியிற் காணப்பட்டதே.

குரக்கன் அவருக்கு ஏமாற்றம் தந்தது. நீரிழிவுக்குக் குரக்கன் என்று நம் நாட்டிலே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கின்றது. குரக்கனில் நாரும் கல்சியமும் உண்டு. அது நல்ல தானியமே. ஆயினும் நூறு கிராம் குரக்கன் மாவில் எழுபது கிராமுக்கு மேல் மாப்பொருள்தான். அரிசிக்கு அது அதிக தூரத்தில் இல்லை. கூழாகக் கரைத்துக் குடித்தால் விரைவாகவே இரத்தத்திற் சேரும். குரக்கன் என்ற பெயருக்காக இரண்டு மடங்கு உண்பவர், சோற்றை அளந்து உண்பவரிலும் கூடிய எண்ணைக் காண்பார். பனங்கட்டியையும் கித்துட் கருப்பட்டியையும் பற்றிக் கேட்பார்கள். மரத்திலிருந்து வந்ததனால் தீங்கில்லை என்பது வாதமாகாது. கரும்பும் நிலத்திலிருந்துதான் வந்தது. பனங்கட்டியின் பெரும்பகுதி வெள்ளைச் சீனியிலுள்ள அதே பொருளே. பலாக்காய், மரவள்ளி, ஒடியற் கூழ் எதுவானாலும் விலக்கு என்று ஒரே வாக்கிற் சொல்லமாட்டேன். உங்கள் கோப்பையில் எவ்வளவு, உங்கள் உடம்பில் அது எவ்வளவு ஏற்றுகின்றது என்பதே கேள்வி. அதற்கு விடையை என்னிலும் உங்கள் சோடி எண்களே திருத்தமாகச் சொல்லும்.

இத்தகைய கருவி வீட்டுக்கு வருமுன் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? நேயர்களில் வயதானோருக்கு நினைவிருக்கலாம். சோதனைக் குழாயில் பெனடிக்ற் கரைசல் என்னும் நீலநிற மருந்தை விட்டு, அதிலே எட்டுத் துளி சிறுநீரைச் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று நிறம் ஏறி, செங்கற் சிவப்பானால் சீனி மிக அதிகம். அக்காலத்து நோயாளிக்கு நீலமே இலக்கு. ஆனால் அந்த நீலம் முழு உண்மையைச் சொல்வதில்லை. இரத்தத்தில் ஏறக்குறைய 180-ஐத் தாண்டினாற்றான் சிறுநீரகம் சீனியை வெளியே விடும். 170-உம் நீலம், 90-உம் நீலம், மயங்கி விழச்செய்யும் 40-உம் நீலம்.

அந்த நீலத்துக்காக மனிதர் பட்ட பாட்டை மருத்துவ வரலாற்றிலே வாசிக்கும்போது நெஞ்சு கனக்கும். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுமுன், நியூயோர்க்கிலே பிரெடறிக் அலன் என்னும் வைத்தியர் நோயாளிகளைப் பட்டினியிலே வைத்தார். சிறுநீரிற் சீனி அறவே மறையும்வரை உணவைக் குறைப்பது அவர் முறை. அதனாற் சிலருடைய ஆயுள் நீண்டது என்பது உண்மை. சீனி மறைந்த நிலையிலேயே பசியால் மடிந்தவரும் உண்டு என்பதும் உண்மை. அவரைக் குறை கூற நான் துணியேன். அவர் கையிலே வேறு ஆயுதம் இருக்கவில்லை. 1922-ஆம் ஆண்டு ஜனவரியில் ரொறன்ரோ நகர வைத்தியசாலையில் லெனாட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலாக ஏற்றப்பட்டபோது, அவன் எடை முப்பது கிலோகூட இல்லை.

என் பெரியப்பா செய்ததும் தமக்கே தாம் விதித்த ஒருவகைப் பட்டினிதான். கிளினிக் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து சோற்றைத் தொடமாட்டார். கஞ்சித் தண்ணீரும் கீரையும் மட்டும். நான்காம் நாள் காலையில் 96 வரும். இரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியிலே, பேருந்து நிலையத்துக் கடையில் இரண்டு உழுந்து வடையும் சீனி போட்ட பால் தேநீரும். மீதி இருபத்தேழு நாளும் வழமைபோலத்தான். வைத்தியரையும் என்னையும் ஏமாற்றவேண்டும் என்பது அவர் நோக்கமன்று; நல்ல எண்ணைக் காட்டுவதே தம் கடமை என்று எண்ணினார். நல்ல எண்ணுக்கு மட்டும் தட்டிக்கொடுத்த நானே அவருக்கு அதைக் கற்பித்தவன்.

அவரைக் காட்டிக்கொடுத்தது ஏ1சி என்னும் பரிசோதனை. செங்குருதிக் கலங்களிலுள்ள ஈமோகுளோபினிலே குளுக்கோசு சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்ளும். இரத்தத்திற் சீனி கூடிய அளவுக்கு ஒட்டுவதும் கூடும். நீரிழிவுள்ளவரின் ஈமோகுளோபினில் இந்த மாற்றம் உண்டென்பதை 1968-இல் தெஹ்ரானில் கண்டவர் சாமுவேல் றாபார் என்ற ஈரானிய அறிஞர். ஒரு செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றது. ஆகவே இப்பரிசோதனை சென்ற இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைச் சொல்லும். மூன்று நாட் பட்டினிக்கு மசியாது. 6 சதவீதம் என்றால் சராசரி ஏறக்குறைய 126. 7 என்றால் 154. 8 என்றால் 183. 9 என்றால் 212. பெரியப்பாவுக்கு 8.9 வந்தது. கொப்பியிலோ 96, 101, 94. கணித ஆசிரியருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஏ1சியும் பிழை காட்டும் இடம் உண்டு. இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் அது உள்ளதிலும் கூடக் காட்டலாம். அண்மையில் இரத்தம் ஏற்றியவருக்கும், தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோயுள்ளவருக்கும் அதை நம்பமுடியாது. விரல் எண்ணும் ஏ1சியும் ஒன்றுக்கொன்று முரணானால் நோயாளி பொய் சொல்கிறார் என்று உடனே முடிவுகட்டாமல், சோகை உண்டா என்று பார்ப்பது வைத்தியனின் கடமை.

இனி, எந்த ஏ1சியை நாடுவது? இதற்குப் பிரித்தானியாவில் 1977-இல் தொடங்கி 1998-இல் வெளியான பெரும் ஆராய்ச்சி ஒன்று வழிகாட்டிற்று. புதிதாக நோய் கண்டவர்களை ஏறக்குறைய பத்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். சராசரி 7.9-இல் நின்றவர்களைவிட 7.0-இல் நின்றவர்களிடம், கண்ணின் விழித்திரை, சிறுநீரகம் முதலியவற்றிலே நுண்குழாய்களுக்கு நேரும் கேடு காற்பங்கு குறைந்திருந்தது. ஆகவே சீனியைக் குறைப்பதிலே பலன் உண்டு என்பதில் ஐயமில்லை. இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இன்னும் குறைத்தால் இன்னும் நல்லதல்லவா?" என்று தோன்றும். அவ்வாறே அமெரிக்காவிலும் கனடாவிலும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக்கொண்டு ஆராய்ந்தார்கள். ஏற்கெனவே இருதய நோயோ அதற்குரிய அபாயமோ உள்ள, நெடுங்கால நோயாளிகள் அவர்கள். ஒரு பகுதியினருக்கு மருந்துகளைக் கூட்டி 6-க்குக் கீழே கொண்டுவர முயன்றனர். அந்தப் பகுதியில் 257 பேரும், தளர்ந்த இலக்குடைய மறுபகுதியில் 203 பேரும் இறந்திருந்ததைக் கண்டு, 2008-இல் அந்தத் தீவிர சிகிச்சையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எனவே இலக்கு ஆளுக்கு ஆள் வேறுபடவேண்டும். பிரித்தானியாவின் வழிகாட்டி நெறி இதை அழகாகப் பிரிக்கின்றது. உணவினாலும் நடையினாலும் மட்டும் கட்டுப்படுத்துவோர் 6.5-ஐ நாடலாம், ஏனெனில் உணவைக் குறைப்பதனால் மாத்திரம் சீனி அபாயமான அளவுக்கு விழுவது அரிது. சீனியை அளவுக்கு மீறி விழுத்தக்கூடிய குளிசையை எடுப்போருக்கு 7. முதுமையும் வேறு நோய்களும் உடையோருக்கு அதிலும் தளர்த்தி, 8 வரையில் வைத்தியர்கள் ஒப்புக்கொள்வர். நாற்பது வயது மகனுக்கு ஏற்ற எண் எண்பது வயதுத் தாய்க்கு ஏற்றதன்று. ஒரே வீட்டில் இருவரும் ஒரே கருவியிற் குத்திப் பார்த்து, ஒருவரோடொருவர் போட்டியிடுவது வேண்டாம்.

8.9 கண்ட பிறகு பெரியப்பாவுக்குக் கிளிபென்கிளமைட்டு என்ற குளிசை கொடுக்கப்பட்டது. சதையியை உந்தி இன்சுலினைச் சுரக்கச் செய்வது அது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உந்தும். அந்த ஐப்பசியிலே கந்தசஷ்டி வந்தது. முப்பது வருடம் தவறாமல் பிடித்த விரதம். காலையில் குளிசையை மறக்காமல் விழுங்கினார். அது வைத்தியர் சொல். உணவைத் தொடவில்லை, அது விரதம். இரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்குச் சுவாமி அறையில் வியர்த்துக் கொட்டியபடி சரிந்திருந்தார். பேச்சுக் குழறிற்று. என்னை என் அப்பாவின் பெயர் சொல்லி அழைத்தார். பெரியம்மா பாரிசவாதம் என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அன்று வீட்டில் நின்றது அவர் செய்த புண்ணியம். விரலிற் குத்தினேன்: 41. விழுங்கும் நினைவு இருந்தபடியால் நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்துப் பருக்கினோம். கால் மணித்தியாலத்தில் 78. அப்போதுதான் என்னை என் பெயரால் அழைத்தார். பிறகு பாலும் பாணும் கொடுத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இரவு முழுவதும் பார்வையில் வைத்திருந்தார்கள்; அந்தக் குளிசையின் வேகம் சிலரில் மறுநாளும் திரும்பத் தாக்கும்.

இதை நீங்கள் மனத்திற் கொள்ளவேண்டும். 70-க்குக் கீழே இறங்கினால் அது தாழ்நிலை. 54-க்குக் கீழே பேராபத்து. கைநடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாக் கோபம், பேச்சுத் தடுமாற்றம் இவையே அடையாளம். முதியவர்களிடம் முதல் மூன்றும் தோன்றாமலே மயக்கம் வரலாம். நினைவு இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனி உடனே கொடுங்கள். இத்தருணத்தில் சீனி மருந்து. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி மூச்சு அடைக்கும். ஒருபக்கமாகக் கிடத்தி, விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். இன்சுலினோ, கிளிபென்கிளமைட்டு, கிளிக்கிளசைட்டு போன்ற குளிசையோ எடுப்பவர்களுக்கே இந்த அச்சம் அதிகம். உங்கள் குளிசை அந்த இனத்ததா என்பதை மருந்து தருபவரிடம் இன்றே கேட்டு, கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

விரதமும் நோன்பும் கூடாதென்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் போய்க் குளிசையின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ளவேண்டும். றமழான் நோன்பு நோற்கும் முஸ்லிம் சகோதரருக்கும் இதுவே வழி. நோன்பு வேளையில் விரலிற் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர் பலர் கூறியுள்ளனர். 70-க்குக் கீழ் இறங்கினாலும் 300-க்கு மேல் ஏறினாலும் நோன்பைத் துறக்கவேண்டும் என்பது வைத்தியர்களின் அறிவுரை.

உணவினால் நோயை முற்றாக மாற்றலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஸ்கொத்லாந்திலும் இங்கிலாந்தின் வடகிழக்கிலும் நடந்து 2017-இல் வெளியான ஆராய்ச்சியில், நோய் கண்டு ஆறு வருடத்துக்கு உட்பட்ட, பருத்த உடல்வாகுடையவர்கள் சிலமாதம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரியோடு வாழ்ந்தனர். ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 46 பேர் மருந்தில்லாமலே நீரிழிவு வரம்புக்குக் கீழ் நின்றார்கள். அவர்கள் முதல் நாளிலேயே வைத்தியர் மேற்பார்வையிற் குளிசைகளை நிறுத்தியே அதைத் தொடங்கினார்கள் என்பதைப் பத்திரிகைச் செய்திகள் பல சொல்லாமல் விட்டன. மெலிந்த, எழுபது கடந்த என் பெரியப்பாவைப் போன்றோருக்குரிய வழியுமன்று அது.

அவருக்கு என்ன செய்தோம்? கிளினிக் வைத்தியரும் அவரும் நானும் அமர்ந்து பேசினோம். அந்தக் குளிசையை நிறுத்தி, தனித்து எடுத்தால் சீனியைப் பெரிதும் வீழ்த்தாத மெற்போமின் கொடுக்கப்பட்டது. காலையில் 100 முதல் 140 வரை, ஏ1சி 7.5 என்று இலக்கு வைத்தோம். "140-உம் சரியா, தம்பி?" என்று மூன்றுமுறை கேட்டார். கிளினிக் நாளுக்கு முன் உணவை மாற்றக்கூடாது என்பது ஒரே நிபந்தனை. அடுத்த மாதம் கொப்பியில் 158 என்று எழுதிக்கொண்டு வந்தார். தட்டிக்கொடுத்தேன். ஆறு மாதத்தில் ஏ1சி 7.4-க்கு வந்தது, வடைக்கடையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறு ஆண்டு கந்தசஷ்டிக்கு மூன்று கிழமை முன்னே அவரே வைத்தியரிடம் போய்க் கேட்டு வந்தார். அந்தக் கொப்பி இன்று என்னிடம் இருக்கின்றது. விரதத்தின் முதல் நாளுக்குரிய வரியை, கோணாத ஆசிரியர் எழுத்திலே, இப்படி எழுதியிருக்கிறார்: "காலை 131. பூசை முடிந்து பாலும் பழமும். பின்னேரம் 4 மணிக்கு 104. குளிசை இரவுக்கு. சுகம்."